கொத்தனாருக்கு இடமில்லாத ஒருங்கிணைப்பு

2015ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஆசியான் பொருளாதாரச் சமூகம் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்காசியாவின் பத்து நாடுகள், அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள், ஒரே சந்தை, ஒரே உற்பத்தித் தளம் என்பது அன்றைய முழக்கம். அந்தச் சந்தைக்குள் சாதாரண மனிதர்களைக் கொண்டுசேர்க்க இரண்டு வேலைத்திட்டங்கள் வகுக்கப்பட்டன. தொழிலாளரின் திறனை வளர்த்து அதை எல்லை தாண்டி ஏற்கச் செய்வது ஒன்று. சிறு நிறுவனங்களைப் பக்கத்து நாட்டுச் சந்தைக்குத் தயார்செய்வது மற்றொன்று. பத்தாண்டுகள் ஓடிவிட்டன. 2025 மே மாதம் கோலாலம்பூரில் கூடிய தலைவர்கள் 2045 வரைக்குமான தொலைநோக்கை ஏற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் திமோர்-லெஸ்தே 11ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. அடுத்த இருபதாண்டுக்குப் புதுக் கணக்குத் தொடங்குகிறார்கள் என்றால், பழைய கணக்கை ஒருமுறை தணிக்கை செய்துவிடுவது நல்லது.

எத்தனை பயிலரங்குகள் நடந்தன, எத்தனை பேர் இணைய வகுப்பில் பதிந்தார்கள், எத்தனை அறிக்கைகள் அச்சாயின என்பவை செலவுப் பக்கத்தில் எழுத வேண்டியவை. வரவுப் பக்கத்துக்கு மூன்று கேள்விகள் போதும். திறன் பெற்ற ஒருவருக்கு எல்லைக்கு அப்பால் அதனால் உரிமையோ கூலியோ கூடுகிறதா? சிறு நிறுவனம் பக்கத்து நாட்டுக்குச் சரக்கு அனுப்புவதற்கு ஆகும் செலவு குறைகிறதா? இந்தப் பலன்கள், இப்பகுதியில் உண்மையாகவே எல்லை கடந்து உழைப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் போய்ச் சேருகின்றனவா? இந்த மூன்றையும் உரைகல்லாக வைத்தே இங்கே தீர்ப்புச் சொல்ல முயல்கிறேன்.

எட்டுத் தொழில்களின் கதை

2007இல் வகுத்த செயல்திட்டத்தில், சரக்கும் சேவையும் முதலீடும் தடையின்றிப் பாயும் என்று சொன்ன ஆசியான், தொழிலாளரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஒரு வேலி போட்டது. தடையற்ற நகர்வு 'திறன்மிக்க' தொழிலாளருக்கு மட்டுமே. அந்த வேலிக்குள் வர யாருக்குத் தகுதி என்பதை அடுத்தடுத்து வந்த பரஸ்பர அங்கீகார ஒப்பந்தங்கள் சொல்லின. 2005இல் பொறியாளர்கள், 2006இல் செவிலியர், 2007இல் கட்டடக் கலைஞர்களும் நில அளவையாளர்களும், 2009இல் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் கணக்காளர்களும், 2012இல் சுற்றுலாத் துறையினர். ஆக எட்டுத் தொழில்கள்.

தொடக்கத்திலேயே இதன் அளவு தெரிந்துதான் இருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஆசிய வளர்ச்சி வங்கியும் 2014இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இத்தகைய தொழில்களில் இருப்போர் மொத்த வேலைவாய்ப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதமே என்று கணக்கிட்டது. இனி எல்லை கடந்து போகப்போகிறவர்களில் பெரும்பாலோர் கட்டுமானம், விவசாயம், வீட்டுவேலை ஆகிய துறையினராகவே இருப்பார்கள் என்றும் அது எச்சரித்தது. நூற்றில் ஒருவருக்குப் பாதை போட்டுவிட்டு, தொண்ணூற்றொன்பது பேர் நடக்கும் திசையைக் கவனிக்காமல் விட்டார்கள் என்பதுதான் முதல் குறை.

சரி, அந்த ஒருவராவது நடந்தாரா? பொறியாளரை எடுத்துக்கொள்வோம். ஏழாண்டு அனுபவமும் உள்நாட்டுப் பதிவும் உள்ளவர் 'ஆசியான் பட்டயப் பொறியாளர்' ஆகலாம். அத்துடன் வேலை முடிந்துவிடாது. போகிற நாட்டில் வெளிநாட்டுப் பொறியாளராக இன்னொரு முறை பதிய வேண்டும். அங்கும் தனித்து இயங்க முடியாது, உள்ளூர்ப் பொறியாளரோடு கூட்டாகவே பணிசெய்ய வேண்டும். 2010களின் நடுவில் பட்டயம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதை வைத்து இன்னொரு நாட்டில் பதிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தார்கள். பட்டயம் பெயர்ப்பலகைக்கு உதவியது, பிழைப்புக்கு உதவவில்லை.

காரணம் ஒப்பந்தத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தகுதியை ஏற்பது ஒன்று, வேலை செய்ய அனுமதிப்பது வேறொன்று. விசாவும் வேலை அனுமதியும் ஒவ்வொரு நாட்டின் உள்துறை, தொழிலாளர் துறைகளின் கையில் இருக்க, ஆசியான் மேசையில் உட்கார்ந்தவர்கள் தகுதியைப் பற்றி மட்டும் பேசினார்கள். தாய்லாந்தில் 1979ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று, முடிதிருத்துவது முதல் கட்டட வடிவமைப்பு வரை 39 தொழில்களைத் தன் குடிமக்களுக்கே ஒதுக்கியிருந்தது. பொறியாளர், கட்டடக் கலைஞர் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட பிறகும் அந்த ஆணை அப்படியே நீடித்தது. தளர்வு வந்தது 2018இல்தான். அந்நாட்டில் செவிலியராகப் பதிய வேண்டுமென்றால் உரிமத் தேர்வைத் தாய் மொழியில், அதாவது தாய்லாந்தின் மொழியில், எழுதித் தேற வேண்டும். மூன்றாண்டு தொடர் அனுபவம் கேட்கும் ஒப்பந்தம், இந்த மொழிச்சுவரைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை. நோயாளியோடு பேச மொழி வேண்டும் என்பது நியாயம். ஆனால் அந்த மொழியைக் கற்பிப்பதும் திறன் வளர்ப்பின் ஒரு பகுதி என்று யாரும் பொறுப்பேற்கவில்லை என்பதே குறை. பிலிப்பீன்ஸ் நாட்டுச் செவிலியர் சவூதிக்கும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள். அண்டை நாட்டு ஒப்பந்தத்தைவிடத் தொலைதூர மருத்துவமனையின் வேலை உத்தரவு அவர்களுக்குப் பலமாகத் தெரிகிறது.

இந்த எட்டில் சுற்றுலா ஒப்பந்தத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். வடிவமைப்பில் இது மற்ற ஏழையும்விட மேலானது. பட்டத்தைக் கேட்காமல் கைவேலையைக் கேட்கிறது. ஓட்டல் வரவேற்பு, அறைப் பராமரிப்பு, சமையல், பரிமாறுதல், பயண முகவர் பணி, சுற்றுலா நடத்துதல் என்னும் ஆறு பிரிவுகளில் 32 பணிகளுக்குப் பொதுவான தேர்ச்சித் தரத்தை வகுத்தது. அறை துப்புரவு செய்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பத்து நாடுகளும் சேர்ந்து எழுதியது சிறிய சாதனை அல்ல. லாவோஸ், கம்போடியா போன்ற நாடுகளின் தொழிற்பயிற்சிக் கூடங்களுக்கு ஆயத்தமான பாடத்திட்டம் கிடைத்தது. இதற்கென ஜகார்த்தாவில் செயலகமும், பதிவுக்கான இணையத்தளமும் வந்தன. இருந்தும் கடைசிப் படியில் இதுவும் அதே இடத்தில் தடுக்குகிறது. பதிந்தவருக்கு வேலை அனுமதி கிடைக்கும் என்ற உறுதி எங்கும் இல்லை. தரம் உயர்ந்தது உள்ளூர் ஓட்டல்களுக்கு நல்லது. அதை ஒருங்கிணைப்பின் வெற்றி என்று கணக்கெழுத முடியாது.

வேலிக்கு வெளியே நடப்பது

உலக வங்கி 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆசியான் நாடுகளுக்குள் இடம்பெயர்ந்து வேலைசெய்தவர்கள் ஏறத்தாழ 65 லட்சம் பேர். அவர்களில் 96 சதவீதத்தினர் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்றே நாடுகளில் இருந்தார்கள். தாய்லாந்தின் சமுத் சாக்கோனில் மீனும் இறாலும் பதப்படுத்தும் மியான்மர் தொழிலாளர், பாங்காக்கில் கட்டடம் எழுப்பும் கம்போடியர், மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களிலும் வீடுகளிலும் உழைக்கும் இந்தோனேசியர் ஆகியோரே இப்பகுதியை உண்மையில் ஒருங்கிணைத்துக் கொண்டிருப்பவர்கள். 2002, 2003ஆம் ஆண்டுகளில் தாய்லாந்து தன் மூன்று அண்டை நாடுகளோடு செய்துகொண்ட இருதரப்பு உடன்பாடுகளும், அவ்வப்போது வரும் பதிவு நீட்டிப்புகளுமே தாய்லாந்தில் உழைப்போரின் சட்டப் பாதுகாப்பு. 2017இல் மணிலாவில் ஏற்கப்பட்ட புலம்பெயர் தொழிலாளர் இணக்க ஆவணம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

இவர்களைத் 'திறனற்றவர்கள்' என்று கோப்புகள் குறிக்கின்றன. பத்தாண்டு கொத்து வேலை பார்த்தவர் எப்படித் திறனற்றவர் ஆவார்? அவரிடம் சான்றிதழ் இல்லை என்பதைத் திறன் இல்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். எட்டு நிலைகள் கொண்ட ஆசியான் தகுதி ஒப்பீட்டுச் சட்டகம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஏற்கப்பட்டது. நாடுகள் தங்கள் தகுதிமுறையை அதனோடு பொருத்தும் வேலை ஆமை வேகத்தில் நகர்கிறது. பொருத்தி முடித்த நாடுகளிலும் கட்டட மேஸ்திரியின் அன்றாடக் கூலியை அது ஒரு காசுகூடக் கூட்டியதாகத் தெரியவில்லை.

இதன் விலையை 2025 ஜூலையில் கண்டோம். தாய்லாந்து-கம்போடியா எல்லையில் மோதல் வெடித்ததும் லட்சக்கணக்கான கம்போடியத் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். பல ஆண்டுகள் கற்ற வேலை அவர்கள் கைகளில் இருந்தது; அதற்குச் சான்றாக ஒரு தாள் இல்லை. ஊரில் புது வேலை தேடும்போதும், வேறொரு நாட்டுக்குப் போக முயலும்போதும் அவர்கள் கடைநிலையிலிருந்தே தொடங்க வேண்டியவர்கள். சான்று இருந்திருந்தால் போர் நின்றிருக்காது. ஆனால் போரில் அவர்கள் இழந்தது குறைந்திருக்கும்.

திறனுக்கு விலை குறித்த நாடு

கடைநிலைத் தொழிலாளரின் திறனை அளப்பது முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஆசியானுக்குள்ளேயே பதில் இருக்கிறது. அது நமக்குப் பழக்கமான பதிலும்கூட. புதுக்கோட்டை, தஞ்சை, சிவகங்கைப் பக்கம் 'டெஸ்ட் அடித்துச் சிங்கப்பூர் போவது' என்பது அன்றாடப் பேச்சு. சிங்கப்பூரின் கட்டுமானத் துறைக்குப் போக வேண்டுமென்றால், அந்நாட்டின் கட்டட, கட்டுமான ஆணையம் ஏற்ற தேர்வு மையத்தில் செய்முறைத் தேர்வு எழுதித் தேற வேண்டும். போன பிறகு, கூடுதல் தேர்வு, அனுபவம், சம்பளம் போன்ற வழிகளில் ஒன்றைக் காட்டி உயர்திறன் நிலைக்கு ஏறலாம்.

இதில் கவனிக்க வேண்டியது தேர்வைவிடத் தீர்வை. வெளிநாட்டுத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசுக்கு மாதத் தீர்வை கட்டுகிறார். 2024 ஜனவரி முதல், இந்தியா, வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து வரும் உயர்திறன் கட்டுமானத் தொழிலாளருக்கு மாதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அடிப்படைத் திறன் நிலையில் இருப்பவருக்கு 900 வெள்ளி. ஒரு தொழிலாளரை மேல்நிலைக்கு ஏற்றினால் முதலாளிக்கு ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம். பயிற்சிக்கு அனுப்பும்படி எந்த அமைச்சரும் வேண்டுகோள் விடுக்கத் தேவையில்லை. கணக்குப் புத்தகமே அனுப்பிவைக்கும்.

இதற்கும் ஆசியானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், தொடர்பு இல்லாததுதான் செய்தி. இந்தத் திட்டத்தில் தாய்லாந்து, மியான்மர், பிலிப்பீன்ஸ் நாட்டவர் இந்தியரோடும் இலங்கையரோடும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். ஆசியான் உறுப்பினர் என்பதற்காகத் தாய்லாந்துக் கொத்தனாருக்கு ஒரு வெள்ளிகூடச் சலுகை கிடையாது. பத்து நாடுகளின் ஒப்பந்தங்கள் செய்யாததை, ஒற்றை நாடு தன் தேவைக்காகத் தானே எழுதிக்கொண்ட விதி செய்திருக்கிறது.

இதைக் குறையற்ற முன்மாதிரி என்று கொண்டாடவும் முடியாது. தேர்வு மையத்துக்கும் முகவருக்கும் கொடுக்க நிலத்தையும் நகையையும் அடகுவைத்த குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. தீர்வையில் மிச்சமாகும் 400 வெள்ளியில் எவ்வளவு தொழிலாளரின் சம்பளத்துக்கு வருகிறது என்பதை விதி சொல்லவில்லை. முதலாளி மனம்வைத்தால் உண்டு. திறனின் பலனைப் பங்கிடுவதில் இந்த முறை நீதியானது அல்ல. ஆனால் திறனை அளக்க முடியும், அளந்ததற்கு விலை குறிக்க முடியும், விலை குறித்தால் பயிற்சி தானாக நடக்கும் என்ற மூன்றையும் அது நிரூபித்துவிட்டது. ஆசியான் கற்க வேண்டிய பாடம் இந்த மூன்றும். கற்கக் கூடாதது, தேர்வுக் கட்டணத்தை ஏழையின் தலையில் கட்டுவது.

சிறு நிறுவனத்தின் செலவுக் கணக்கு

இனி இரண்டாவது வேலைத்திட்டம். ஆசியான் செயலகத்தின் கணக்குப்படி, இப்பகுதியின் நிறுவனங்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவை குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள். வேலைவாய்ப்பில் ஏறத்தாழ 85 சதவீதம் அவற்றில்தான். ஏற்றுமதியில் அவற்றின் பங்கோ 18 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. இந்த இடைவெளியைக் குறைக்க 2004இல் ஒரு செயல்திட்டமும், 2016 முதல் 2025 வரை இன்னொரு திட்டமும் வந்தன. இணையவழிக் கல்விக்கூடம், வழிகாட்டி வலையமைப்பு, சந்தைத் தகவல் தளம் என்று பலவும் உருவாயின. ஏற்றுமதி செய்யத் தெரியாததால்தான் சிறு நிறுவனங்கள் ஏற்றுமதி செய்யவில்லை என்ற எண்ணம் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது.

அந்த எண்ணம் சரியா? பினாங்கில் சம்பல் தயாரித்துப் புட்டியில் அடைக்கும் ஒரு பத்துப் பேர் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இந்தோனேசியாவின் மேடான் நகரம் நீரிணைக்கு அந்தப் பக்கம்தான். வரிச் சலுகை பெற 'டி' படிவம் என்னும் பிறப்பிடச் சான்று வேண்டும். அதற்கு, சரக்கின் மதிப்பில் குறைந்தது 40 சதவீதம் ஆசியானுக்குள் உருவானது என்றோ, மூலப்பொருள் வேறொரு சுங்க வகைப் பொருளாக மாறியிருக்கிறது என்றோ காட்ட வேண்டும். 200 அமெரிக்க டாலருக்கு உட்பட்ட சரக்குக்கு இந்தப் படிவம் தேவையில்லை. அதற்கு மேல் போனால், கொள்கலன் கணக்கில் அனுப்பும் பெருநிறுவனத்துக்கு உள்ள அதே நடைமுறை. மிளகாய் எங்கே வாங்கியது, புட்டி எங்கே செய்தது என்று ரசீதோடு கணக்கு வைத்திருக்க வேண்டும். 2020இல் வந்த சுயசான்று முறையும் அப்படிக் கணக்கு வைக்கத் தெம்புள்ள நிறுவனத்துக்கே எளிது. சிங்கப்பூருக்கு அனுப்புவதானால் அங்கே பெரும்பாலான பொருள்களுக்கு எவருக்குமே இறக்குமதி வரி இல்லை. சலுகைப் படிவத்தால் பயனே இல்லை. சலுகை சிறிது, அதைப் பெறும் செலவு பெரிது என்றால் படிவத்தை விட்டுவிடுவதே கெட்டிக்காரத்தனம்.

வரியைக் கடந்தால் அடுத்தது தரச் சோதனை. உணவுப் பதிவு, நாட்டு மொழியில் முகப்புச்சீட்டு, ஹலால் சான்று எல்லாம் வேண்டும். 2014ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தோனேசியாவில் ஹலால் சான்று கட்டாயமாகி வருகிறது. உள்நாட்டுச் சிறு நிறுவனங்களுக்கு 2026 அக்டோபர் வரை அவகாசம் நீட்டப்பட்டது. தன் நாட்டுச் சிறு வணிகருக்கு அவகாசம் தேவை என்று உணரும் அரசுகள், அண்டை நாட்டுச் சிறு வணிகருக்கும் அதே சிரமம் இருக்கும் என்பதை உணர்வதில்லை. பகுதி முழுக்கவே இதுதான் நிலை. 2000ஆம் ஆண்டில் 1,634ஆக இருந்த வரியல்லாத வணிக நடவடிக்கைகள் 2015இல் 5,975ஆகப் பெருகியதாக ஆசியான், கிழக்காசியப் பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்பு காட்டியது. அதே காலத்தில் சராசரி வரி பாதியளவு குறைந்தது. இந்த நடவடிக்கைகளில் பல உணவுப் பாதுகாப்பு, சுகாதாரம் சார்ந்தவை, மக்களுக்குத் தேவையானவை. அவற்றை எல்லாம் வஞ்சகம் என்று சொல்வது தவறு. ஆனால் ஒரு சோதனைக்கு ஆகும் செலவு பத்தாயிரம் புட்டிக்கும் நூறு புட்டிக்கும் ஒன்றே என்னும்போது, சிறியவர் தோற்பார். எந்த இணைய வகுப்பும் இந்தக் கணக்கை மாற்றாது.

மாற்றக்கூடிய வழிகள் இருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம், 2,000 டாலருக்கு உட்பட்ட சரக்குக்கு எல்லைச் சாவடியிலேயே தரும் எளிய பிறப்பிடச் சான்றை நடைமுறைப்படுத்தியது. புசியா போன்ற எல்லை ஊர்களில் தலைச்சுமையாகச் சரக்குக் கொண்டுபோகும் பெண்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. அங்கும் இடைத்தரகரும் லஞ்சமும் ஒழிந்துவிடவில்லை. என்றாலும் விதியை எழுதும்போது சிறு வணிகரை முன்னால் நிறுத்தி எழுதினார்கள். ஆசியானைவிட வருமானத்தில் குறைந்த நாடுகளால் இது முடிந்திருக்கிறது.

பினாங்கும் பாக் நின்னும்

திறன் வளர்ப்பே பயனற்றது என்று இதுவரை சொன்னதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. எதிர்ச்சான்று அதே பினாங்கில் இருக்கிறது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வளாகம் தொடங்கி, இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட் போன்ற நிறுவனங்கள் வந்தன. 1980களின் முடிவில் தொழில்நுட்பப் பணியாளருக்குப் பஞ்சம் ஏற்பட்டபோது, 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் உருவானது. மாநில அரசு இடம் தந்தது. நிறுவனங்கள் இயந்திரங்களையும் பயிற்றுநர்களையும் தந்தன. எதைக் கற்பிப்பது என்பதை முடிவுசெய்தவையும் உறுப்பு நிறுவனங்களே. படித்து முடித்தவரை எடுத்துக்கொள்ளப் போகிறவரே பாடத்தை எழுதினார். வீணாகப் போக அதில் இடம் குறைவு. பிறகு உள்ளூர்ச் சிறு நிறுவனங்களைப் பெருநிறுவனங்களோடு இணைத்துத் தேர்ச்சி தரும் திட்டமும் அங்கே வந்தது. அந்த ஆலைகளில் பழகி வெளியே வந்தவர்கள் தொடங்கிய பென்டாமாஸ்டர், விட்ராக்ஸ் போன்ற நிறுவனங்கள் இன்று உலகச் சந்தையில் சோதனை இயந்திரங்கள் விற்கின்றன.

பெருநிறுவனம் வந்தாலே இது நடந்துவிடும் என்பதும் பொய். வியட்நாமின் பாக் நின் மாநிலத்தில் சாம்சங் மாபெரும் ஆலைகளை நிறுவிய பிறகும், 2014இல் அதற்கு நேரடியாக உதிரிபாகம் கொடுத்த வியட்நாமிய நிறுவனங்கள் நான்கே நான்கு என்று அப்போது செய்திகள் வந்தன. அதன் பிறகு அந்நாட்டுத் தொழில், வணிக அமைச்சகத்தோடு சேர்ந்து கொரிய நிபுணர்களை உள்ளூர்த் தொழிற்கூடங்களுக்கே அனுப்பினார்கள். அவர்கள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை முறையைத் திருத்தினார்கள். சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. இது பெருஞ்சாதனை இல்லை. எந்த வகைப் பயிற்சி வேரூன்றும் என்பதற்கு நல்ல அடையாளம்.

இரண்டு இடத்துக்கும் பொதுவானது, வாங்குபவர் கண்ணெதிரே இருந்தார் என்பது. கற்றவருக்கு ஆர்டர் காத்திருந்தது. பினாங்கின் வெற்றியை லாவோஸின் வியஞ்சானில் அப்படியே நட முடியாது. அங்கே அருகருகே ஐம்பது ஆலைகள் இல்லை. பினாங்கு வளர்ந்தது ஆசியான் திட்டத்தால் அல்ல, ஒரு மாநில அரசின் முனைப்பால் என்பதையும் மறக்கக் கூடாது.

மறுதரப்பின் வாதங்கள்

ஆசியான் ஐரோப்பிய ஒன்றியம் இல்லை. அனைவரும் ஒப்பினால்தான் எதுவும் நகரும். ஆகவே பொறுமை வேண்டும் என்பார்கள். சிங்கப்பூரின் தனிநபர் வருமானம் எண்பதாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது; மியான்மரில் அது ஆயிரத்துச் சொச்சம். இந்த ஏற்றத்தாழ்வில் கதவை முழுவதும் திறப்பதை எந்த அரசும் தன் வாக்காளரிடம் நியாயப்படுத்த முடியாது. இது நேர்மையான வாதம்தான். ஆனால் நான் கேட்பது கதவைத் திறப்பதை அல்ல. ஏற்கெனவே உள்ளே வந்து உழைக்கும் பல லட்சம் பேரின் திறனைச் சான்றாக்குவதற்குக் கூடுதலாக ஒருவரையும் அனுமதிக்க வேண்டியதில்லை. செங்கல் அடுக்குதல், பூச்சு வேலை, தையல் இயந்திரம் இயக்குதல் ஆகியவற்றில் தாய்லாந்துக்கும் அண்டை நாடுகளுக்கும் இடையே பொதுத் தரம் காண சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் துணையோடு முயற்சிகள் நடந்திருக்கின்றன. வழி தெரியாமல் இல்லை. அதற்கு முன்னுரிமை தரப்படவில்லை.

இன்னொரு வாதம், உள்வணிகப் பங்கைப் பற்றியது. ஆசியானின் மொத்த வணிகத்தில் உறுப்பு நாடுகளுக்கு இடையிலானது நீண்டகாலமாக நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கிறது. ஏறத்தாழ எல்லா வரிகளும் நீங்கிய பிறகும் அது உயரவில்லை என்று விமர்சகர்கள் குத்திக்காட்டுவார்கள். இந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. சீனாவோடும் அமெரிக்காவோடும் வணிகம் வேகமாகப் பெருகியதால் பங்கு உயரவில்லை; அளவு பெருகியே இருக்கிறது. பினாங்கின் சில்லு உலகம் சுற்றுவது தோல்வி ஆகாது. தோல்வியைப் பங்கில் தேடாமல், யாருடைய சரக்கு எல்லை தாண்டுகிறது என்பதில் தேட வேண்டும்.

திறன் வளர்ந்தால் ஏழை நாட்டின் நல்ல பணியாளர்களைப் பணக்கார நாடு இழுத்துக்கொள்ளும் என்ற அச்சமும் உண்டு. மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போன பட்டதாரிகளின் வரலாறு இதற்குச் சாட்சி. அதற்காகத் திறனை மறைத்துவைப்பது மருந்தாகாது. தொழிலாளரைப் பெறும் நாடு பயிற்சிச் செலவில் ஒரு பங்கை ஏற்பதே முறை. சிங்கப்பூர் வசூலிக்கும் தீர்வை போன்ற ஒன்றின் சிறு பகுதி, தொழிலாளர் வந்த நாட்டின் பயிற்சிக் கூடங்களுக்குத் திரும்பினால் இரு தரப்புக்கும் கணக்கு நேராகும்.

தீர்ப்பு

முதல் கேள்விக்கு விடை: பொதுத் தரம் வகுப்பதில் ஆசியான் தேறிவிட்டது, சுற்றுலா அதற்குச் சான்று, தரத்துக்கு உரிமையோ கூலியோ சேர்ப்பதில் தேறவில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை: வரியைக் குறைத்ததில் தேர்ச்சி, வரியல்லாத செலவைச் சிறு நிறுவனத்துக்குக் குறைத்ததில் தோல்வி, அறிவுப் பற்றாக்குறை என்று நோயைத் தவறாகக் கண்டு வகுப்பு நடத்தியது வீண்செலவு. மூன்றாவது கேள்விக்கு விடைதான் மிகக் கடுமையானது: பலன்கள், ஏற்கெனவே வழியுள்ளவர்களுக்காக வடிவமைக்கப்பட்டன. அவர்களோ அவற்றைப் பயன்படுத்தவில்லை. தேவைப்பட்டவர்களுக்கோ அவை தரப்படவில்லை. ஆகவே இதைப் பாதி வெற்றி என்று சமாதானம் சொல்வது சரியல்ல. ஆவணத்தில் முழுமையும் நடைமுறையில் வெறுமையுமாக நிற்கும் திட்டம் என்பதே என் முடிவு.

2045 தொலைநோக்கைத் திருத்த இன்னும் காலம் இருக்கிறது. மூன்று மாற்றங்கள் போதும். தகுதிச் சட்டகத்தின் நிலையை வேலை அனுமதியின் காலத்தோடும் தீர்வையோடும் குறைந்தபட்சக் கூலியோடும் கட்ட வேண்டும்; கொத்தனார், தையல்காரர், வீட்டுப் பராமரிப்பாளர் ஆகிய மூவரிடமிருந்து அதைத் தொடங்க வேண்டும். சிறு சரக்குக்கான விலக்கை 200 டாலரிலிருந்து சில ஆயிரமாக உயர்த்தி, ஒரு நாட்டில் செய்த உணவுச் சோதனையை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும். பதினொரு நாடும் ஒப்பும்வரை காத்திராமல், ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்பு மண்டலத்துக்கு 2025 ஜனவரியில் இரு நாடுகள் கையெழுத்திட்டதைப் போல, எங்கே ஆளும் சரக்கும் ஏற்கெனவே ஓடுகிறதோ அந்தந்தத் தடத்தில் இரண்டு, மூன்று நாடுகளாகச் சேர்ந்து செய்து காட்ட வேண்டும்.

இவற்றுக்குப் புது நிதி பெரிதாகத் தேவையில்லை. புதுப் பயிலரங்கு ஒன்றும் தேவையில்லை. உள்துறை, தொழிலாளர், சுங்கத் துறைகளை ஒரே மேசையில் உட்காரவைக்கும் அரசியல் துணிவு தேவை. அந்தத் துணிவு இல்லாதவரை பயிற்சிக்கு ஒதுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் பயிற்சி நடத்துபவர்களையே வாழவைக்கும்.